பத்துப் பொருத்தம் பார்க்கும் பிளகின்

புதுக்கோட்டை
9.6.2025

அன்புள்ள தம்பி ரகுநாத்துக்கு,

அக்கா செங்கமலம் எழுதுவது. வாட்ஸப்பில் என்னை ப்ளாக் பண்ணிவிட்டாய். போன் போட்டால் மூன்றாவது வார்த்தையில் கட் பண்ணுகிறாய். இ-மெயிலில் நான் பேசி முடிக்கும்வரை உன்னால் ஒன்றும் செய்ய முடியாது என்று கண்டுபிடித்துவிட்டேன். அதனால் சாவகாசமாக உட்கார்ந்து படி. தோகாவில் வெயில் எப்படி என்று கேட்கப்போவதில்லை. அது கோபம் தீர்ந்தவர்கள் கேட்கிற கேள்வி.

அன்னவாசல் காதுகுத்தில் நான் பேசியது அதிகம்தான். பந்தியில் எல்லாரும் பாயசத்துக்குக் காத்திருந்த நேரமாகப் பார்த்து, "என் பேரு போட்ட கடையில நான் வெறும் எடிட்டராம், தொரை தோகாவுல உக்காந்துக்கிட்டு அட்மினாம்" என்று சொல்லியிருக்கக் கூடாது. ஆனால் நீயும் யோசித்துப் பார். கீழ ராஜ வீதியில் இத்தனை வருசமாகத் திருமணத் தகவல் மையம் நடத்துகிறவள். இந்த ஜில்லாவில் பாதிக் கல்யாணத்துக்கு நான் பொறுப்பு, மீதிப் பாதியைப் பார்த்துப் பொறாமை. என் வெப்சைட்டில் ஒரு புதுப் பொத்தான் வைக்க எனக்கே அதிகாரம் இல்லை என்றால் ஊர் என்ன பேசும்? நீயும் ரோசக்காரன். அன்றைக்கே என்னை அட்மின் ஆக்கி, உன் பெயரை எடுத்துவிட்டு, "இனி ஒங்க பாடு" என்று ஒரு வரி அனுப்பிவிட்டு, லீவு முடியுமுன்னே பிளேன் ஏறிவிட்டாய்.

சரி, நல்ல சேதி சொல்கிறேன். நம் சைட்டில் இப்போது பத்துப் பொருத்தம் பார்க்கும் வசதி வந்துவிட்டது. பையன் நட்சத்திரத்தையும் பெண் நட்சத்திரத்தையும் தொட்டால், தினப் பொருத்தத்திலிருந்து ரஜ்ஜு வரைக்கும் பச்சையும் சிவப்புமாக வரிசை கட்டி நிற்கிறது. பக்கத்துத் தெரு பெரியண்ணன் சைட்டில் தை மாசத்திலிருந்தே அது இருக்கிறது. "செங்கமலம் அக்கா இன்னும் பஞ்சாங்கத்தைப் பொரட்டிக்கிட்டுத்தான் இருக்கு" என்று அவர் சொன்னது காதுக்கு வந்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. உன்னிடம் கேட்டதற்கு, அதற்கென்று சைட்டில் சேர்க்கிற குட்டி சாஃப்ட்வேர், பிளகின் என்று ஒன்று இருக்கிறது, அதை முறையாக விலைக்கு வாங்க வேண்டும், பொறு, பார்த்துச் சொல்கிறேன் என்றாய். நீ பார்த்துச் சொல்வதற்குள் என்னிடம் பதிந்த பெண்களெல்லாம் பேரன் எடுத்துவிடுவார்கள். நானே ஏற்றிவிட்டேன். சும்மாவே கிடைத்தது.

எல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது. ஒரு சின்ன விசயம் மட்டும். கம்ப்யூட்டரில் பார்த்தால் ஒன்றும் இல்லை. சிலர் போனில் திறந்தால் நம் சைட் போய், சீட்டாடக் கூப்பிடுகிற பக்கம் வருகிறதாம். நேற்று திருமயத்திலிருந்து ஒரு தகப்பனார் போன் பண்ணி, மாப்பிள்ளை பார்க்க வந்தால் ரம்மி ஆடச் சொல்கிறதே, தொழிலை மாற்றிவிட்டீர்களா என்று கேட்டார். சிரித்துச் சமாளித்தேன். சிரித்தது வாய் மட்டும்தான்.

இது தானாகப் போய்விடுமா, ஏதாவது செய்ய வேண்டுமா? கோபத்தை ஓரமாக வைத்துவிட்டு ஒரு வரி எழுது.

என் கோபத்தையும் கொஞ்சம் மிச்சம் வைத்திருக்கும்
அக்கா செங்கமலம்


தோகா
9.6.2025

அக்கா,

உங்கள் மெயில் பார்த்தேன். காதுகுத்து பற்றிப் பிறகு எழுதுகிறேன். இது அவசரம்.

ரம்மி என்று படித்ததும் எனக்கு வேறொரு சந்தேகம் வந்தது. கூகுளில் 'அன்புமொழி' என்று அடித்து, பக்கத்தில் 'ஆசிரியை' என்றும் சேர்த்துத் தேடினேன். யார் கண்ணிலும் படக் கூடாது என்று நாம் பூட்டி வைத்திருந்த அவருடைய பக்கம் முதலாவதாக வந்து நிற்கிறது. போட்டோ, ஊர், வேலை பார்க்கும் பள்ளிக்கூடம், எல்லாம். அவரைத் தேடிக்கொண்டிருக்கும் ஆள் இதைப் பார்த்தால் என்ன ஆகும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

நான் டூட்டியில் இருக்கிறேன். சர்வர் கணக்கு என்னிடம் இருக்கிறது, ரூமுக்குப் போனதும் அது வழியாக உள்ளே போகிறேன். அதற்குள் எனக்குத் தெரிய வேண்டியது: அந்த பிளகினை நம் சைட்டின் டாஷ்போர்டுக்குள்ளேயே தேடி எடுத்தீர்களா, இல்லை வெளியிலிருந்து யாராவது கொடுத்தார்களா? முன்னதாக பேக்கப் எடுத்தீர்களா? யூசர் பட்டியலில் உங்கள் பெயர் தவிர வேறு பெயர் இருக்கிறதா?

எதையும் அழிக்காதீர்கள். எதையும் புதிதாக ஏற்றாதீர்கள்.

ரகுநாத்


புதுக்கோட்டை
10.6.2025

ரகு,

பேச்சு வந்த நாளிலிருந்து என்னை 'நீ' என்று கூப்பிட்டவன், 'உங்கள் மெயில்' என்று எழுதியிருக்கிறாய். நாலு பேர் முன்னால் என்னைத் திருப்பித் திட்டியிருந்தால்கூட ஆறியிருக்கும். போகட்டும். அதற்கு அழ நேரமில்லை, வேறு அழுகை வந்துவிட்டது.

அடித்துப் பார்த்தேன். வந்தது. பச்சைச் சேலையில் அந்தப் போட்டோ. ஆபீஸ் சுவரோரம் நிற்க வைத்து நானே எடுத்தது. சிரிக்க மாட்டேன் என்றவளை, பல் தெரியாமலாவது சிரி என்று கெஞ்சி எடுத்தது. அதன் கீழே குன்றாண்டார்கோவில் என்று ஊர்ப் பெயர்.

உனக்குத் தெரிந்த கதைதான். ஆனாலும் என் கையால் ஒருமுறை எழுதினால்தான் நான் செய்து வைத்திருப்பது எனக்கே உறைக்கும். அவளைக் கட்டியவன் திருப்பூர்ப் பக்கத்து ஆள். அடி தாங்காமல் வந்தாள், கோர்ட்டில் எல்லாம் தீர்ந்தது, ஆனால் அவன் தீரவில்லை. அவள் வேலைக்குப் போன ஊர்களுக்கெல்லாம் மோப்பம் பிடித்து வந்து வாசலில் நிற்பான். ஒருமுறை பஸ்ஸிலிருந்து முடியைப் பிடித்து இறக்கினான். அம்மாவைக் கூட்டிக்கொண்டு ஊர் ஊராக மாறிக் கடைசியில் குன்றாண்டார்கோவிலுக்கு வந்தாள். மறுமணத்துக்குப் பதிய வந்தபோது, "படிப்பு, வயசு, சம்பளம் எல்லாம் போடுங்கக்கா, ஊரு மட்டும் ஒங்க மனசுல இருக்கட்டும்" என்றாள். இருந்தது. நீதான் போன வருசம், மனசில் வைத்திருந்தால் உனக்கு ஒரு காய்ச்சல் வந்தால் என்ன செய்வது, சைட்டில் ஏற்று, நான் பூட்டித் தருகிறேன் என்றாய். பூட்டியும் தந்தாய். நான் கதவைத் திறக்கவில்லை ரகு. சுவரையே இடித்துவிட்டேன்.

நீ கேட்டதற்குப் பதில். பிளகின் மணப்பாறை அருள்மணி கொடுத்தது. எங்கள் தரகர்கள் வாட்ஸப் குரூப்பில், விலைக்கு விற்கிறதை யாரோ பூட்டு உடைத்துச் சும்மா தருகிறார்கள், நானும் போட்டிருக்கிறேன் என்று ஜிப் ஃபைலாக அனுப்பினார். கூடவே ஒரு குறிப்பும் வந்தது: சைட்டில் பாதுகாப்பு பிளகின் ஏதாவது இருந்தால் அதை நிறுத்திவிட்டு ஏற்றவும், இரண்டுக்கும் ஆகாது என்று. மாமியாரும் மருமகளும் போலிருக்கிறது என்று நினைத்து, நீ வைத்திருந்த பாதுகாப்பை நிறுத்தினேன். காவலுக்கு நின்றவனை வீட்டுக்கு அனுப்பிவிட்டுத் திருடனுக்கு ஆரத்தி எடுத்திருக்கிறேன். ஆரத்தி என்று சும்மா சொல்லவில்லை. ராகு காலம், எமகண்டம் எல்லாம் தள்ளி, லேப்டாப்புக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, வெற்றிலை பாக்கு முன்னால் வைத்துத்தான் அந்தப் பொத்தானை அழுத்தினேன். நேரத்தில் ஒரு குறையும் இல்லை.

பேக்கப் எடுக்கவில்லை.

யூசர் பட்டியலில் 'சிஸ்டம் சப்போர்ட்' என்று ஒரு பெயர் இருக்கிறது, அதுவும் அட்மின். முந்தாநாளே பார்த்தேன். நீதான் கோபம் குறைந்து பெயரை மாற்றிக்கொண்டு ரகசியமாக வந்து உட்கார்ந்திருக்கிறாய் என்று நினைத்தேன். சந்தோசமாக இருந்தது. விட்டுவைத்தேன்.

செங்கமலம்


தோகா
10.6.2025

அக்கா,

அது நான் இல்லை.

சைட்டை மூடிவிட்டேன். யார் திறந்தாலும் இப்போது வெள்ளைப் பக்கம்தான் வரும். பூட்டு உடைத்த ஃபைலுக்குள் உடைத்தவன் தனக்கு ஒரு சாவியும் வைத்து அனுப்பியிருக்கிறான், அதுதான் அந்த சப்போர்ட் பெயர். ரம்மியும் அவன் வேலைதான், அதில் அவனுக்கு வரும்படி. அது போகட்டும். பொருத்தம் பார்ப்பதற்காக அந்த பிளகின் எல்லாப் பக்கங்களையும் படிக்க வேண்டும். பூட்டிய பக்கங்களையும் படித்து, படித்ததை வெளியே யார் வேண்டுமானாலும் பார்க்கிற மாதிரி பரப்பி வைத்திருக்கிறது. கூகுள் அதைப் பொறுக்கிக்கொண்டு போய்விட்டது. நீக்கச் சொல்லி விண்ணப்பம் போட்டிருக்கிறேன். ஆனால் கூகுள் தன்னிடம் வைத்திருக்கிற நகல் மறைய எத்தனை நாள் ஆகுமோ தெரியாது.

அதனால் கம்ப்யூட்டரில் செய்ய வேண்டியதை நான் செய்துகொள்கிறேன். நீ செய்ய வேண்டியது ஒன்றுதான். அன்புமொழியிடம் இன்றைக்கே போய்ச் சொல்லு. எங்கே தப்பு நடந்தது, என்னென்ன வெளியே போனது, எல்லாம். அவர் நம்பர் என்னிடம் இல்லை, உன்னிடம்தான் இருக்கிறது.

ரகு


புதுக்கோட்டை
11.6.2025

தம்பி,

'நீ' என்று எழுதிவிட்டாய். அதற்காகவே இன்னொரு சைட்டைக்கூட உடைக்கலாம் போலிருக்கிறது. கோபப்படாதே, பயத்தில் வருகிற பேச்சு இது. எனக்குப் பயம் வந்தால் வாய் இப்படித்தான் போகும்.

இதைப் போனில் சொல்லக் கூடாது என்று நேரிலேயே போனேன். கீரனூர் போய் அங்கிருந்து டவுன் பஸ். கெட்ட சேதிக்கு வெறுங்கையோடு போகலாமா என்று வழியில் பலாச்சுளை வாங்கிக்கொண்டேன். பள்ளிக்கூடம் விடுகிற நேரம். கேட்டில் என்னைப் பார்த்ததும் அவள் முகம் போன போக்கைச் சொல்கிறேன் கேள். அக்கா இவ்வளவு தூரம் வந்திருக்கிறாள் என்றால் வரன்தான் என்று நினைத்துவிட்டாள். கேட்கவில்லை. கேட்காமல், சேலைத் தலைப்பைச் சரி செய்துகொண்டு, "பஸ்ஸுல கூட்டமாக்கா?" என்றாள்.

கூட்டம்தான் என்றேன். பலாச்சுளையைக் கொடுத்தேன். அம்மாவுக்குச் சர்க்கரை எப்படி இருக்கிறது என்று கேட்டேன். வெயிலைப் பற்றிப் பேசினேன். வந்துவிட்டேன்.

திட்டு. ஆனால் என் பக்கமும் கேள். நாளைக்குப் பிரதமை, நல்லது கெட்டது எதையும் ஆரம்பிக்கக் கூடாத நாள். வெள்ளிக்கிழமை இந்த மாதிரிப் பேச்சு ஆகாது. சனிக்கிழமை அவளுக்கு லீவு, நிதானமாக உட்கார வைத்துச் சொல்லலாம். அதற்குள் கூகுள்காரனும் நகலை எடுத்துவிடுவான் இல்லையா? எடுத்துவிட்டால் சொல்ல வேண்டிய அவசியமே இல்லாமல்கூடப் போகலாம். நடக்காத ஒன்றைச் சொல்லி ஒரு பெண்ணை எதற்குக் கலவரப்படுத்த வேண்டும்?

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்கிறேன். இவள் சொல்லி இன்னொருத்தி, இன்னொருத்தி சொல்லி இன்னொரு வீடு என்று போனால், பெண்ணைப் பெற்றவன் எவன் என்னிடம் இனிப் போட்டோ கொடுப்பான்? சைட் ஏன் மூடிக்கிடக்கிறது என்று கேட்கிறவர்களிடம் வெள்ளையடிக்கிறோம் என்று சொல்லி வைத்திருக்கிறேன். வெப்சைட்டுக்கு எங்கே வெள்ளையடிப்பது என்று இதுவரை ஒருத்தரும் கேட்கவில்லை.

அக்கா


தோகா
11.6.2025

அக்கா,

சர்வரில் யார் எந்தப் பக்கத்தைத் திறந்தார்கள் என்று பதிவு இருக்கும். உன்னைப் பயமுறுத்த வேண்டாம் என்றுதான் நேற்று எழுதவில்லை. நான் மூடுவதற்கு முன்னால் ஒரே போனிலிருந்து திரும்பத் திரும்ப ஒரே பக்கத்தை மட்டும் திறந்திருக்கிறார்கள். வேறு பெண் பக்கம் எதையும் தொடவில்லை. எந்த ஊர் என்று உறுதியாகச் சொல்ல முடியாது, திருப்பூர்ப் பக்கமாகக் காட்டுகிறது.

நீ போய்ச் சொல்லாவிட்டால் அவன் போய் நின்று சொல்லுவான்.

நீ ஒருத்தி இல்லாமல் அந்தப் பெண்ணுக்கு இதைச் சொல்ல ஆள் இல்லை. பிரதமையிலேயே போ.

ரகு


புதுக்கோட்டை
12.6.2025

ரகு,

காலை முதல் பஸ்ஸில் போனேன். சொல்லிவிட்டேன்.

பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். உட்காராமலேயே சொன்னேன், உட்கார்ந்தால் மறுபடி வெயிலைப் பற்றிப் பேசிவிடுவேன் என்று. கத்துவாள், அழுவாள், செருப்பைத் தூக்குவாள் என்று நினைத்துத் தயாராகப் போயிருந்தேன். அவளோ கையிலிருந்த டிபன் பாக்ஸை மூடி வைத்தாள். எப்போது தெரியும் என்று கேட்டாள்.

செவ்வாய்க்கிழமை என்றேன்.

"நேத்து பலாச்சுளை கொண்டாந்தீங்களே, அப்பவே தெரியுமாக்கா?"

தெரியும் என்றேன். அவ்வளவுதான். அதற்குப் பிறகு அவள் என்னைப் பார்க்கவில்லை. உள்ளே போய் அம்மாவிடம் ஒரு வார்த்தை சொன்னாள், அம்மாவும் ஒன்றும் கேட்காமல் எழுந்து பையில் துணியை எடுத்து வைக்க ஆரம்பித்துவிட்டது. அந்த வீட்டில் அவர்களுக்கு அது பழகிப்போன வேலை என்று பார்த்ததும் தெரிந்தது. மாத்திரை, ரேசன் கார்டு, சர்ட்டிபிகேட் கவர், எதைத் தேடியும் யாரும் நிற்கவில்லை.

ஹெட்மிஸ்ட்ரஸிடம் போய் லீவு சொன்னாள். நானும் கூடவே போனேன், வேண்டாம் என்று சொல்லவில்லை. அவளை யார் விசாரித்து வந்தாலும் ஒன்றும் சொல்லக் கூடாது என்று வாட்ச்மேன் வரைக்கும் சொல்லிவிட்டார்கள். பிறகு மகளிர் காவல் நிலையம். மனு எழுதும்போது நடந்தது எப்படி என்று கேட்டார்கள். நானே சொன்னேன். என் பெயர், என் கடை, நான் ஏற்றியது, எல்லாம். எழுதிக்கொண்டிருந்த பெண் போலீஸ் நடுவில் நிமிர்ந்து, குங்குமம் வைத்தீர்களா என்று ஒருமுறை கேட்டார். வைத்தேன் என்றேன். ஒரு போலீஸ் நம்பர் கொடுத்திருக்கிறார்கள்.

தங்க இடம் பார்த்து இரண்டு பேரும் போய்விட்டார்கள். எங்கே என்று இதில் எழுத மாட்டேன். இனி எதிலும் எழுத மாட்டேன்.

அக்கா


புதுக்கோட்டை
14.6.2025

ரகு,

நீ பதில் எழுதுவதற்குள் நானே இதை எழுதிவிட வேண்டும்.

அவன் வந்தான். பள்ளிக்கூடத்துக்கு நேற்றே போயிருக்கிறான், அங்கே ஒன்றும் பெயரவில்லை. இன்றைக்கு நம் ஆபீஸுக்கு வந்தான். வெள்ளைச் சட்டை, கையில் ஒரு சீப்பு வாழைப்பழம். முகத்தைப் பார்த்தால் நானே மூன்று வீட்டுக்குச் சிபாரிசு செய்வேன், அப்படி ஒரு பதவிசு. தம்பிக்கு மறுமணம் பார்க்கிறோம் என்றான். "ஒங்க சைட்டுல குன்றாண்டார்கோவில் டீச்சர் ஒருத்தங்க பாத்தோம், இப்ப சைட்டு தெறக்க மாட்டேங்குது. அவங்க விலாசம் வேணும்" என்றான்.

அந்த ஊர்ப் பெயரை நான் ஒரே ஒரு பக்கத்தில்தான் எழுதியிருக்கிறேன்.

மேசைக்குக் கீழே போலீஸ் நம்பரை அழுத்தி, போனை மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டேன். பிறகு பேச ஆரம்பித்தேன். ரகு, இவ்வளவு நாள் இந்த வாயால் குடும்பத்துக்கு வந்த கெட்ட பெயரெல்லாம் உனக்குத் தெரியும். இன்றைக்கு அது உழைத்தது. குன்றாண்டார்கோவில் பெண்ணா, ஐயோ, அதுக்குப் போன மாசமே முடிந்து, கடலூர்ப் பக்கம் போய்விட்டதே என்றேன். மாப்பிள்ளை என்ன வேலை, எத்தனை தங்கச்சிகள், கல்யாணத்தில் சாம்பார் எப்படி இருந்தது என்பது வரைக்கும் சொன்னேன். கறுப்பை மாநிறம் என்றும், கடன்காரனைத் தொழிலதிபர் என்றும் சொல்லிப் பழகிய வாய், எங்கேயும் தட்டவில்லை. ஆனால் நம்பினானா என்று தெரியவில்லை. அவன் சிரித்துக்கொண்டே இருந்தான். கண் மட்டும் என் பீரோ மேலேயே இருந்தது.

சரி, உங்கள் தம்பிக்கு வேறு பார்ப்போம் என்று விசாரிக்க ஆரம்பித்தேன். தம்பி பெயர் என்ன, நட்சத்திரம் என்ன, எந்தத் தெரு, பக்கத்து வீட்டுக்காரர் யார், என்ன கம்பெனி, மேஸ்திரி பெயர் என்ன. இந்த மாதிரி விசாரிப்பில் பொய் சொல்லித் தப்பித்தவன் இந்த ஜில்லாவில் கிடையாது. நாலாவது கேள்வியில் தம்பிக்கு வயசு குறைந்தது, ஆறாவது கேள்வியில் தம்பியே குறைந்துபோய்விட்டான். அவன் சிரிப்பு நின்றது. எழுந்தான். கதவைப் பார்த்துப் போவான் என்று நினைத்தேன். மேசையைச் சுற்றி என் பக்கம் வந்தான்.

"அவ எங்க இருக்கான்னு ஒனக்குத் தெரியும்."

தெரியாது என்று சொல்ல வாய் வரவில்லை. இத்தனை நேரம் ஓடிய வாய் அந்த ஒரு வார்த்தைக்கு நின்றுவிட்டது. ஏனென்றால் தெரியும் ரகு, அதுதானே கஷ்டம். அவன் அதை என் முகத்தில் பார்த்துவிட்டான்.

அப்போது வெளியே ஜீப் சத்தம். இரண்டு பெண் போலீஸும் ஒரு ஏட்டும் வந்தார்கள். ஸ்டேசனுக்குக் கூட்டிப் போய், இனி அந்தப் பெண் இருக்கிற பக்கம் வர மாட்டேன் என்று எழுதி வாங்கியிருக்கிறார்கள், கேஸும் போட்டிருக்கிறார்கள். இனி வர மாட்டான், தைரியமாக இருங்கள் என்று சொன்னார்கள். நானும் எத்தனையோ மாப்பிள்ளைகளுக்கு, இனி குடிக்க மாட்டான், தைரியமாகக் கொடுங்கள் என்று சொல்லியிருக்கிறேன். அதனால் அந்த மாதிரி வாக்குக்கு என்ன எடை என்று எனக்குத் தெரியும்.

அவன் கொண்டுவந்த பழம் மேசையிலேயே இருக்கிறது. தூக்கி எறியக்கூடத் தொடப் பிடிக்கவில்லை.

அக்கா


தோகா
16.6.2025

அக்கா,

இரண்டு முறை படித்தேன். வாட்ஸப் ப்ளாக்கை எடுத்துவிட்டேன், எப்போது வேண்டுமானாலும் கூப்பிடு. ஆபீஸில் தனியாக உட்காராதே. அடுத்த கடை அறிவுச்செல்வனிடம் பேசிவிட்டேன், அவர் கடையில் ஆள் இருக்கும்போது மட்டும் நீ திற.

சைட்டைப் பற்றி. சித்திரையில் நான் ஊருக்கு வந்தபோது எடுத்த பேக்கப் ஒன்று என்னிடம் இருந்தது. இருந்ததை முழுசாகத் துடைத்துவிட்டு அதிலிருந்து திரும்ப எழுப்பியிருக்கிறேன். எல்லாப் பாஸ்வேர்டும் புதிது, ஏற்கெனவே உள்ளே இருந்தவர்கள் எல்லாரையும் வெளியே தள்ளியாயிற்று, காவல் பிளகின் திரும்ப வேலைக்கு வந்துவிட்டது. இனி உள்ளே போக பாஸ்வேர்டு மட்டும் போதாது, உன் போனுக்கு வருகிற எண்ணையும் போட வேண்டும். சித்திரைக்குப் பிறகு பதிந்தவர்களை நீ மறுபடி ஏற்ற வேண்டியிருக்கும்.

இனி பிளகின் வேண்டுமென்றால், மாப்பிள்ளை விசாரிக்கிற மாதிரியே விசாரி, அதற்குமேல் நான் உனக்குச் சொல்லித்தர ஒன்றும் இல்லை. யார் வீட்டுப் பிள்ளை, அதாவது யார் எழுதியது. எத்தனை பேர் வைத்துப் பிழைக்கிறார்கள். அவர்கள் என்ன குறை சொல்கிறார்கள். கடைசியாக எப்போது சரிபார்த்துப் புதுப்பித்தார்கள். வருசக்கணக்காக யாரும் தொடாத பிளகின் என்றால் வேண்டாம். டாஷ்போர்டுக்குள்ளே தேடினால் வருகிற பட்டியலிலிருந்தோ, எழுதிய கம்பெனியிடமிருந்தோ நேராக எடு, நடுவில் ஒரு கைகூட வேண்டாம். சைட்டுக்கு ஒரு நகல் செய்து தனியாக வைத்திருக்கிறேன், முதலில் அதில் போட்டுச் சில நாள் பார். பேக்கப் எடுத்த பிறகுதான் நிஜத்தில் போட வேண்டும். பாதுகாப்பை நிறுத்தச் சொல்கிற எதையும் வாசலிலேயே திருப்பி அனுப்பு.

அன்புமொழி மாதிரி பூட்டிய பக்கங்கள் எதையும் திரும்ப ஏற்றவில்லை. எந்தப் பூட்டு நல்லது என்று நான் யோசித்துக்கொண்டே இருந்தேன். சைட்டில் இருக்கவே வேண்டாததைத்தான் நாம் பூட்டி வைத்திருந்தோம்.

இன்னும் ஒன்று பாக்கி. வெள்ளையடிக்கிறோம் கதை போதும். பதிந்திருக்கிற எல்லா வீட்டுக்கும் நீயே சொல்ல வேண்டும்.

ரகு


புதுக்கோட்டை
3.7.2025

அன்புத் தம்பி,

எல்லா வீட்டுக்கும் பேசி முடித்துவிட்டேன். தொண்டை போய்விட்டது, அறந்தாங்கிப் பக்கம் பாதி வீட்டுக்குக் கிணற்றுக்குள்ளிருந்து பேசுகிற மாதிரிதான் பேசினேன். சிலர் திட்டினார்கள். சிலர் பெண் போட்டோவைத் திருப்பிக் கேட்டார்கள், கொடுத்துவிட்டேன். ஒரு தாயார் முழுசாகக் கேட்டுவிட்டு, அந்த ரம்மி கம்பெனியில் கெட்டியான வேலையில் மாப்பிள்ளை எவனாவது இருந்தால் சொல்லு என்றார்.

பெரியண்ணன் வந்தார். முன் வாசல் வழியாக வந்தால் கௌரவம் போய்விடும் என்று பின் சந்து வழியாக வந்தார். ரொம்ப நேரம் மழை, மாடு என்று பேசிவிட்டு, எழுந்து போகிற மாதிரி போய், கதவுகிட்ட நின்று, "அக்கா, ஒங்க சைட்டுல ரம்மி வந்துச்சாமே, அது எப்படிப் போச்சு?" என்று கேட்டார். அவர் சைட்டிலும் அதே அருள்மணி ஜிப்தான், தையிலிருந்து. என்னிடம் ஒரு மாசம் முன்பு இதைச் சொல்லியிருந்தால் கோயிலில் தேங்காய் உடைத்திருப்பேன். இப்போது அவரிடம் பதிந்த பெண்களின் முகமெல்லாம் என் கண் முன்னால் வந்தது. இப்போதே மூடுங்கள் என்று உட்கார வைத்து உன் நம்பரைக் கொடுத்தேன். அருள்மணி குரூப்பிலிருந்து அந்த ஃபைலை எடுத்துவிட்டார், யார் அவருக்குக் கொடுத்தார்கள் என்று கேட்டால் இன்னொரு குரூப் என்கிறார்.

பத்துப் பொருத்தத்துக்கு நீ சொன்ன கம்பெனி பிளகினை நகல் சைட்டில் போட்டுப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். எழுதியவன் சேலத்துப் பையன். கேள்வி கேட்டு மெயில் போட்டால் அன்றைக்கே பதில் எழுதுகிறான். இன்னும் கல்யாணம் ஆகவில்லையாம், அதைக் கேட்காமல் இருக்க முடியவில்லை. தினமும் வேலை பார்க்க எனக்கு எடிட்டர் போதும், அட்மினை நீயே வைத்துக்கொள். ஊரில் யாராவது கேட்டால் நானே கொடுத்தேன் என்று சொல்லிக்கொள்கிறேன்.

ராத்திரியில் போன் அடித்தால் இன்னும் நம்பரைப் பார்த்த பிறகுதான் எடுக்கிறேன். ஆபீஸ் வாசலில் யாராவது வெள்ளைச் சட்டையில் நின்றால் முதலில் கையைப் பார்க்கிறேன், வாழைப்பழம் இருக்கிறதா என்று.

அன்புமொழி வந்தாள். ஒரு பையும் அம்மாவும். வேறு ஊரில் வேலை கிடைத்துவிட்டது என்றாள். பெட்டி படுக்கை எல்லாம் முன்னாலேயே போய்விட்டதாம். கேஸ் நடக்கும்போது வந்து சாட்சி சொல்வீர்களா என்று கேட்டாள், எத்தனை தடவை கூப்பிட்டாலும் வருவேன் என்றேன். என் போனில் இருந்த அந்தப் பச்சைச் சேலைப் போட்டோவை அவள் கண் முன்னாலேயே அழித்தேன். அழித்ததற்குப் பிறகும் குப்பைத்தொட்டி என்று ஒன்று இருக்குமே, அதையும் காட்டுங்கள் என்றாள். காட்டினேன். அதிலிருந்தும் அழித்தேன்.

வரன் இப்போது வேண்டாம் என்றாள். "கோவம் எல்லாம் இல்லக்கா" என்றாள். எனக்கு அது கோபத்தைவிடக் கஷ்டமாக இருந்தது.

புது பஸ் ஸ்டாண்டு வரைக்கும் பையை நான்தான் தூக்கிக்கொண்டு போனேன். எந்த ஊர் என்று அவள் சொல்லவில்லை. இந்த ஜில்லாவில் எந்த வீட்டில் எந்தப் பெண் இருக்கிறாள் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்லக்கூடியவள் நான். கேட்டிருந்தால் சொல்லியிருப்பாளோ என்னவோ. அவர்கள் ஏறுகிற பஸ்ஸின் போர்டு கண்ணில் பட்டுவிடக் கூடாது என்று பையை அம்மா கையில் கொடுத்துவிட்டு, பழக்கடைப் பக்கம் திரும்பி நின்றுகொண்டேன். பஸ் கிளம்பிப் போகிற சத்தம் முழுசாக ஓய்ந்த பிறகுதான் திரும்பினேன்.

அக்கா
செங்கமலம்